சாம்பல் நீரும் காளஹஸ்திக் கறுப்பும்

போன மாதம் திருப்பதியில் அங்கன்வாடிப் பெண்களின் கூட்டம் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைச் சாமான் இல்லாமல், கைக்காசு கரையாமல் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று பத்து நிமிடம் பேச வேண்டும். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் புட்டி நின்றது. வெளியே எலுமிச்சம்பழப் படம், உள்ளே பச்சைத் தண்ணீர். “இதுவும் இயற்கைதாம்மா” என்றார் அவர்களுடைய மேற்பார்வையாளர். திறந்து மோந்து பார்த்தேன். உத்தியோக காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. எலுமிச்சம்பழம் இந்தப் புட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது என்று சொல்லி மூடி வைத்தேன்.

செம்புக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய் மண்டி, பித்தளை விளக்குக்குச் சலித்த சாம்பலும் எலுமிச்சைத் தோலும், அரிசிப் பானைக்கு வேப்பிலை, நாற்றமடிக்கும் அலமாரிக்குச் சுண்ணாம்புக் கட்டி என்று அவர்களுக்கு வேண்டியதைச் சொன்னேன். எல்லாரும் மும்முரமாக எழுதிக்கொண்டார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, இதிலெல்லாம் அப்படி என்னதான் மிச்சமாகும் என்று கேட்டாள். “எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்குத் தறியே மிச்சமாச்சு” என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வேடிக்கை இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தவள். கிராமத்துப் பெண்களுக்குச் சுத்தம், சமையல், குழந்தை வளர்ப்பு இவற்றைச் சொல்லிக் கொடுக்க அரசாங்கம் வைத்த ஆள். பயிற்சி மையத்தில் தையலும் புகையில்லா அடுப்பும் கற்றுக்கொடுத்தார்கள். காஸ்டிக் சோடாவும் தேங்காய் எண்ணெயும் கலந்து சோப்புக் காய்ச்சவும் கற்றுக்கொடுத்தார்கள். ஊருக்கு வந்து பார்த்தால் காஸ்டிக் சோடா மருந்துக்கும் கிடைக்கவில்லை. எண்ணெயைத் தலைக்கே தொட்டுத் தொட்டு வைக்கிற வீடுகள், அதைச் சோப்புக்கு யார் ஊற்றுவார்கள்? கற்றதில் பாதியை முதல் மாதமே மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

எனக்குக் கொடுத்தது நகரி, புத்தூர், விஜயபுரம் பக்கத்துக் கிராமங்கள். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சித்தூர் ஜில்லாவும் அதோடு போய்விட்டிருந்தது. எந்த ஊர் இங்கே நிற்கும், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் போகும் என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. காலை பஸ்ஸில் வருகிறவர் நம்ம ஊர் போகிறது என்பார், சாயங்கால பஸ்ஸில் வருகிறவர் போகவில்லை என்பார். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும் என்று வாழ்ந்த ஜனங்கள் திடீரென்று ஒரு பக்கம் நில் என்றால் எங்கே போய் நிற்பார்கள்?

இந்த இழுபறியில் முதலில் அடிபட்டது என் பெட்டி. சலவைச் சோடா, பினாயில், சோப்பு எல்லாம் மாதா மாதம் வந்துகொண்டிருந்தன. பிரிந்து போனாலும் போய்விடும் என்ற ஊர்களுக்கு அவை வருவது மெல்ல மெல்ல நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் அனுப்பவும் இல்லை. காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஊர் ஊராகச் சுத்தத்தைப் பற்றிப் பேசினேன்.

எனக்கு மேலதிகாரி முக்கிய சேவிகா சுபத்ரம்மா. தெலுங்குக்காரர். புகுந்த வீடு காளஹஸ்தி. கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் வெள்ளைப் புடவை, கையில் கறுப்புக் குடை, காலில் ஆண்கள் போடுகிற மாதிரிச் செருப்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சௌக்கியமா என்று கேட்கமாட்டார். நேராக ஏதாவது ஒரு வீட்டுக்குள் போவார். கரித்துணியை எடுத்து மோந்து பார்ப்பார். தண்ணீர்ப் பானையின் விளிம்புக்கு அடியில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, அந்த விரலையும் மோந்து பார்ப்பார். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்ப்பார். “கண்ணு அபத்தம் செப்புதுந்தி. முக்கு செப்பது” என்பார். கண் பொய் சொல்லும், மூக்கு சொல்லாது என்று அர்த்தம்.

எங்களிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “இந்த வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?” இதை வாங்கு, அதை வாங்கு என்று எந்தப் பெண்ணிடமாவது நான் சொன்னது அவர் காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான். சோடா வரவில்லையே என்று ஒரு தடவை முறையிட்டேன். அடுப்பைக் காட்டி, “சோடா அக்கடே உந்தி” என்றார். அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, சாம்பல் நீர் இறக்குவதை அவரே உட்கார்ந்து செய்து காட்டினார்.

அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். எல்லாச் சாம்பலும் துணிக்கு ஆகிவிடாது. எருமுட்டைச் சாம்பல் பாத்திரத்துக்கு நல்லது, துணியில் போட்டால் மங்கலடிக்கும். புளியங்கட்டைச் சாம்பல் வேண்டும். கல்லும் கரியும் போகச் சலித்துக்கொள்ள வேண்டும். மூங்கில் கூடையின் அடியில் வைக்கோலைக் கையால் அழுத்திப் பரப்பி, மேலே சாம்பலைக் கொட்டி, நடுவில் ஒரு குழி செய்து, அதில் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் சாம்பலும் சேர்ந்து இறங்கிவிடும். கீழே வைத்த மண்பானையில் டீத் தண்ணீர் நிறத்தில் சொட்டுச் சொட்டாக விழும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தால் வழவழவென்று வழுக்க வேண்டும், ஆனால் எரியக் கூடாது. எரிந்தால் தண்ணீர் கலக்க வேண்டும். துணியை அதில் ஊறவைத்து, வேகவைத்து, அலசி, கடைசியில் புளித்த வடிகஞ்சியில் ஒரு முறை முக்கி எடுக்க வேண்டும். புளிப்பு பட்டால்தான் சாம்பலின் காரம் முறியும். காரம் முறியாமல் காயவிட்டால் நூல் இற்றுப்போகும். ஊறவைப்பதும் முக்குவதும் மண் தொட்டியில்தான், இரும்பில் கூடவே கூடாது.

இதை நான் விஜயபுரத்துப் பக்கத்தில் ஒரு நெசவு ஊரில் பஜனைக் கோயில் எதிரே செய்து காட்டினேன். எல்லாரும் கலைந்த பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். கோவிந்தம்மா. புருஷன் தணிகாசலம் காய்ச்சலில் போய் வருடம் திரும்பியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. காளஹஸ்தியில் துணியில் சித்திரம் எழுதுகிறவர்களுக்காக ஒரு வியாபாரி கடுக்காய் வாங்கி அனுப்புவார். அந்தக் கடுக்காயை இடித்துச் சலித்துக் கொடுத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, கூரத் தண்ணி சொட்டி மஞ்ச மஞ்சளா கற புடிச்சிக்கீது. இந்தச் சாம்பத் தண்ணில போவுமா?”

“எந்தத் துணியில?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா யாருனா கறையப் பத்திக் கேப்பாங்களா? வந்து காட்டு.”

வீட்டுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினாள். குழித்தறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யத் தரையில் குழி வெட்டியது. அதன் பக்கத்தில் சுருட்டி வைத்த வெள்ளை வேட்டித் துணி, ஒரு பாவு முழுக்க நெய்து இறக்கியது. யார் நெய்தது என்று கேட்டேன். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தத் தெருவில் பெண்கள் நூல் சுற்றுவார்கள், ஊடுநூலைக் குச்சியில் சுற்றித் தார் போடுவார்கள், நெடுக நீட்டிக் கட்டிய பாவு நூலுக்குக் கஞ்சி பூசுவார்கள். தறிக் குழியில் மட்டும் இறங்கமாட்டார்கள். பெண் இறங்கினால் பாவு நிற்காது, அறுந்து அறுந்து போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. தணிகாசலம் படுத்த படுக்கையாக இருந்தபோது பாதியில் நின்ற பாவை, அவன் பாயில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, இவள் கதவைச் சாத்திக்கொண்டு நெய்து முடித்திருக்கிறாள். அவன் போன பிறகு, அவன் வாங்கி வைத்துவிட்டுப் போன நூலில் புதுப் பாவு ஏற்றி, அக்கம்பக்கம் சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, இதை முழுக்கத் தானே நெய்திருக்கிறாள்.

புருஷனுடைய அண்ணன் ஏழுமலையை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அந்தத் தறியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தம்பி சாவுக்கு அவர்தான் எல்லாம் செய்தார், இவளுக்கு அரிசியும் கொடுத்தார். “சும்மா கெடக்கிற தறி கரையான் துன்னுகினு கீது. என் வூட்ல ஓடட்டும். நீ தார் போடு, சோறு போடறேன்” என்பது அவர் பேச்சு. இவளுக்கு அவர் சோறு வேண்டாம், தறி வேண்டும்.

நெசவாளர் சங்கத்தில் துணி பார்க்கிறவர் வருகிற வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. எல்லை முடிவாகிவிட்டால் இந்த ஊர்த் தறிகளை அந்தப் பக்கத்துச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால், யார் தறி எது என்று தீர்த்துவிட வருகிறார். செத்த நெசவாளியின் இடத்துக்கு வருகிறவர் தன் கையால் நெய்த துணி ஒன்றைக் காட்ட வேண்டும். கோவிந்தம்மா காட்டினால் தறி அவள் பெயரில். காட்டாவிட்டால் ஏழுமலை பெயரில். அதற்குப் பிறகு ஊர் அந்தப் பக்கம் போய்விட்டால் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

வெள்ளாவி வைக்கிறவரிடம் துணியைப் போட்டால் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் சாம்பல் நீர். முறையை இன்னொரு தடவை சொல்லிவிட்டு நான் என் மற்ற கிராமங்களுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி வந்தேன். வாசலிலேயே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். துணியை விரித்தாள். மஞ்சள் கறை போயிருந்தது. அதற்குப் பதில் வெள்ளைத் துணி நெடுகச் சேற்றுக் காலோடு நாய் நடந்துபோன மாதிரி கறுப்புத் திட்டுகள்.

“நேத்து பூரா சாம்பத் தண்ணி போட்டுத் தேச்சிகினே கீறேன்மா. தேக்கத் தேக்க இன்னும் கறுத்துகினு வருது. மாமா சொல்றது நெசமா? பொம்பள தொட்டதுக்கு சாமி குத்தமா?”

“சாமிக்கு வேற வேல இல்லையா? வாய மூடு” என்றேன். ஆனால் காரணம் எனக்கும் தெரியவில்லை. கிணற்றில் போடுவதற்காக வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் என் பெட்டியின் அடியில் கொஞ்சம் கிடந்தது. அதைக் கரைத்துவிடலாம் என்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. சுபத்ரம்மா.

வழக்கம் போல யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தார். டப்பாவைப் பார்த்ததும் என் கையில் இருந்து பிடுங்கி மூடினார். “நூலு சச்சிபோத்துந்தி!” நூல் செத்துவிடும் என்று ஒரு அதட்டல். பிறகு துணியின் ஒரு முனையைத் தூக்கினார். கறுப்புத் திட்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

“கரக்காய” என்றார்.

கடுக்காயைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். கோவிந்தம்மாளின் கை தானாகவே கொடியில் தொங்கிய ஒரு துண்டுத் துணியின் பக்கம் போயிற்று. கடுக்காய்ப் பொடி சலிக்கிற துணி. அலசிக் காயவைத்தது, பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. வடிகஞ்சியை அதில்தான் வடிகட்டியிருக்கிறாள்.

“ஏ பாத்திர?” என்றார் சுபத்ரம்மா. எந்தப் பாத்திரத்தில் முக்கினாய் என்று கேட்கிறார்.

கோவிந்தம்மா கொல்லைக் கதவைத் திறந்தாள். வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை ஒன்று கிடந்தது. அவளுடைய மண் தொட்டி அவ்வளவு துணியைக் கொள்ளவில்லை. கரும்புக்காரர் வீட்டில் ஆலை ஓய்ந்து சும்மா கிடந்த கொப்பரையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். “வெல்லம் வழவழன்னு பூசி பளபளன்னு இருந்திச்சும்மா. அது இன்னா பண்ணப் போவுதுன்னு நெனச்சேன்” என்றாள். அதில் புளித்த கஞ்சியை ஊற்றித் துணியை ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டிருக்கிறாள்.

சுபத்ரம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காளஹஸ்தியில் சித்திரம் எழுதுகிறவர்கள் இரும்பையும் வெல்லத்தையும் பானையில் போட்டு நாள் கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காயில் தோய்த்த துணிமேல் அதைத் தொட்டு எழுதுவார்களாம். பட்ட இடமெல்லாம் கறுப்பாகும். “வாள்ளு அந்த கஷ்டப்படி சேஸ்தாரு. நீ ஒக்க ராத்திரிலோ சேசாவு!” என்றார். அவர்கள் அத்தனை பாடுபட்டுச் செய்வதை நீ ஒரே ராத்திரியில் செய்துவிட்டாய் என்று.

கோவிந்தம்மாளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. “அந்தக் கறுப்பு ஆத்துல போட்டு அடிச்சாலும் போவாதேம்மா. அதுக்குத்தானே அத்தன வெல குடுத்து வாங்கிகினு போறாங்க” என்றாள். கடுக்காய் இடிப்பவளுக்கு இது தெரியாதா?

“பூர்த்திகா போது. தக்குத்துந்தி” என்றார் சுபத்ரம்மா. முழுக்கப் போகாது, குறையும். அதற்கு மேல் ஒரு வார்த்தை ஆறுதலும் அவர் வாயில் வராது. சாம்பல் நீர் இனி ஒரு சொட்டுப் படக் கூடாது, காரம் படப் படக் கறுப்பு ஊன்றிக்கொள்ளும், இனி புளிப்பு மட்டும்தான் என்றார். எலுமிச்சைச் சாறும் உப்பும் வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் முளைக்கிற புளியாரைக் கீரையை இடித்துப் பிழிந்த சாறும் வேண்டும். அதோடு நல்ல வெயில். வெயிலுக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் என்றைக்கும் பஞ்சம் இல்லை.

அவ்வளவு எலுமிச்சம்பழத்துக்கு எங்கே போவது? கோவிந்தம்மா ஒரு கூடையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று கங்கம்மா கோயிலுக்குப் போனாள். ஆடி மாதத்து எலுமிச்சை மாலைகள் வாடிச் சூலத்தடியில் குவிந்து கிடந்தன. பூசாரி தடுத்தார். “அம்மா கழுத்துல கெடந்த பழம்மே. துணி தோய்க்கவா கேக்கற?” என்றார்.

“ஆத்துல கொட்றத எனக்குக் குடு. நான் கேக்கறது அவளுக்குத் தெரியும்” என்று சொல்லிக்கொண்டே அள்ளிக் கூடையில் போட்டாள்.

கொல்லையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் துணியை இழுத்துக் கட்டினோம். திட்டின் மேல் உப்பைத் தூவி, எலுமிச்சை மூடியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் இழை விலகிவிடும், விரல் நுனியின் பலம்தான் கொடுக்கலாம். வெயிலில் சுள்ளென்று காய்வதற்கு முன்னால் மறுபடி நனைக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் நகரி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி அந்தத் தண்ணீரில் அலச வேண்டும். கிணற்று நீர் உவர், அது ஆகாது. அலசி வந்து மறுபடி உப்பு, மறுபடி எலுமிச்சை, மறுபடி புளியாரை. சுபத்ரம்மா கட்டிலின் ஒரு பக்கம் உட்கார்ந்து அன்று முழுவதும் தேய்த்தார். இஸ்திரி கலையாத அந்தப் புடவையில் பச்சைச் சாறு தெறித்துக் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, ஊருக்குத் திரும்ப சாயங்கால பஸ்ஸுக்குத்தான் எழுந்தார். மேலதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அன்று எனக்குப் பட்டது. அவரிடம் திட்டு வாங்கிய நாட்களை எல்லாம் அப்போதே மன்னித்துவிட்டேன்.

கறுப்பு நீலமாயிற்று. நீலம் சாம்பல் நிறமாயிற்று. மறுநாள் சாம்பல் நிறம் போய்த் துருவின் பழுப்பு வந்தது. எங்கள் விரல் நகங்களின் ஓரமெல்லாம் எரிந்து வெடித்திருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பெரும்பாலான திட்டுகள் தெரியாமல் போயின. கரைப்பக்கமாக இரண்டு இடத்தில் மட்டும் நிழல் மாதிரி ஒரு மங்கல். எத்தனை தேய்த்தும் அது அசையவில்லை.

அப்போதுதான் ஏழுமலை கொல்லைப் பக்கமாக வந்தார். கட்டிலையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா துணி இது?”

“வேட்டி, மாமா.”

“யாரு நெய்ஞ்சது?”

அவள் தலையை நிமிர்த்தாமல் தேய்த்துக்கொண்டே, “தறி இந்த வூட்லதான கீது. வேற யாரு வந்து நெய்வாங்க?” என்றாள்.

அவர் முகம் செத்துவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது, பயந்துபோன மாதிரிதான் இருந்தது. “குழில எறங்கினியா? அதான் கறுத்துக் கெடக்குது” என்றார். கிட்டே வந்து மங்கலை உற்றுப் பார்த்துவிட்டு, “நாளைக்கி சார் வருவாரு. அவரே சொல்லட்டும்” என்று போய்விட்டார்.

நான் கோவிந்தம்மாளிடம், மங்கல் உட்பக்கம் போகிற மாதிரி மடித்துக் கொடு, அவர் மேலாகத்தான் பார்ப்பார் என்றேன். என் மேலேயே எரிந்து விழுந்தாள்.

“மடிச்சிக் குடுத்து, அப்புறம் பிரிச்சிப் பாத்தாங்கன்னா? நெசவே கள்ளம்னு ஆயிடும்மா. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் தறில குந்தறது?”

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதுதான் சரி. மங்கல் வெளியே தெரிகிற மாதிரியே மடித்தோம்.

வெள்ளிக்கிழமை பஜனைக் கோயில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். துணி பார்க்கிறவர் தெலுங்குக்காரர், எங்கள் தமிழும் ஒரு மாதிரி பேசுவார். தெருவே கூடி நின்றது. ஆண்கள் முன்னால், பெண்கள் தள்ளி. கோவிந்தம்மா பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து வந்து துணியை மேஜை மேல் வைத்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

அவர் பிரித்ததும் மங்கல்தான் முதலில் கண்ணில் பட்டது. “இதேமிடி?” இது என்ன என்று கேட்டு அதன் மேல் விரலை வைத்தார்.

ஏழுமலை இரண்டு அடி முன்னால் வந்தார். “பொம்பள கை பட்டது சார். நம்ம தெருவுல இது வழக்கம் இல்ல. தறிய எங்கிட்ட வுடுங்க, நல்ல வேட்டி நான் போட்டுக் குடுக்கறேன்.”

கோவிந்தம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜைக்காரரையே பார்த்துப் பேசினாள்.

“சார், அது தோய்க்கறப்போ ஆன கறுப்பு. கடுக்கா துணில கஞ்சிய வடிச்சி இரும்புல ஊத்திட்டேன். அது என் புத்தி கெட்டதனம், ஒத்துக்கறேன். ஆனா தோய்ச்சதுதான் தப்பு, நெய்ஞ்சது தப்பில்ல. நெசவுல குத்தம் இருந்தா காட்டுங்க. ஒரு இழை வுட்டுப் போயிருந்தாக்கூட தறிய மாமா எடுத்துகினு போவட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

அவர் பையிலிருந்து இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடியை எடுத்தார். துணியின் தொடக்கத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நடுவில் வைத்தார். கடைசியில் வைத்தார். கரையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அந்த மங்கலின் மேலேயே கண்ணாடியை வைத்து நெடுநேரம் குனிந்திருந்தார். எனக்கு அவர் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிவிடலாம் போல இருந்தது.

“நேத பாகுந்தி” என்றார் கடைசியில். நெசவு நன்றாக இருக்கிறது. “கறை இருக்குது, அதனால முதல் தரம் குடுக்க முடியாதும்மா. ரெண்டாம் தரம். சம்மதமா?”

“எந்தத் தரம் வேணும்னாலும் போடுங்க. நெய்ஞ்சது யாருன்னு மட்டும் சரியாப் போடுங்க.”

அவர் பேனாவைத் திறந்து, “பேரு?” என்றார்.

பழக்க தோஷம், ஏழுமலைதான் பதில் சொன்னார். “தணிகாசலம்.” தம்பி பெயர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அவரு போயிட்டாரு மாமா” என்றாள் அவள், மெல்ல. பிறகு மேஜைப் பக்கம் திரும்பி, “கோவிந்தம்மா” என்றாள். அவர் எழுதினார். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து யாரோ குலவையிட்டார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். உத்தியோகத்தில் இருக்கிறவள் ஊர் நடுவில் நின்று அழக் கூடாதென்று ஒன்றும் சட்டம் இல்லை.

எல்லைத் தகராறு பிற்பாடு முடிவுக்கு வந்தபோது அந்த ஊர் மெட்ராஸ் பக்கம் போயிற்று, நான் ஆந்திராவிலேயே நின்றுவிட்டேன். அவள் தறி அவள் பெயரிலேயே அந்தப் பக்கச் சங்கத்துக்குப் போனது என்று சந்தையில் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு. சாம்பலையும் புளிப்பையும் பற்றி எங்கே வாயைத் திறந்தாலும் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் ஞாபகத்துக்கு வரும்.

அன்று பஜனைக் கோயில் கூட்டம் கலைந்து நாங்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். பின்னாலேயே ஏழுமலை வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட நாலு ஆளாவது வேண்டும், தனியாக ஒரு பெண்ணால் ஆகிற காரியம் இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அடுத்த பாவு எப்ப போடப் போற?” என்றார்.

“நாளைக்கே.”

“ஒரு பக்கம் நான் புடிக்கட்டா?”

கோவிந்தம்மா நின்றாள். எலுமிச்சை எரித்து வெடித்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“வா மாமா, வந்து புடி. ஆனா குழில நான்தான் எறங்குவேன். கதவும் தொறந்துதான் இருக்கும்.”